உள்ளே வெற்றிடம், வெளியே மரம்: வீட்டுக்கு அலங்காரத் தூண் செய்வது

மரத்தூண் என்றதும் ஒரே கட்டையில் கடைந்தெடுத்த முழு மரம்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். வீட்டுக்குத் தூண் வைக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்பதும் அதைத்தான். ஆனால் 300 மி.மீ. விட்டமுள்ள தூணை முழுக்கட்டையில் செய்தால் அது வெடிக்கும். நல்ல மரமும் தேர்ந்த கையும் வெடிப்பைச் சிறிதாக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது.

காரணம் மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரவாக்கில் கொஞ்சம் சுருங்கும். வளையங்கள் ஓடும் சுற்றுவாக்கில் அதைவிட அதிகமாகச் சுருங்கும். பச்சை மரம் முழுக்கக் காயும்வரை தேக்கு ஆரவாக்கில் 2.5 சதவீதமும் சுற்றுவாக்கில் 5.8 சதவீதமும் குறைகிறது. சிவப்பு ஓக் மரத்துக்கு இது 4-ம் 8.6-ம். மஹோகனிக்கு 3-ம் 4.1-ம், இரண்டுக்கும் இடையே வித்தியாசம் குறைவு என்பதால்தான் அது கடைசல்காரர்களுக்குப் பிடித்த மரம். தேக்குத் தூணின் நடுவில் இருக்கும் மரம் 2.5 சதவீதம் உள்வாங்க, மேல்தோல் 5.8 சதவீதம் உள்வாங்கப் பார்க்கிறது. அந்த 3.3 சதவீத இழுபறிக்கு ஏதாவது ஓர் இடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். பச்சையாக 300 மி.மீ.க்குக் கடைந்த தூண் 12 சதவீத ஈரத்துக்கு இறங்கும்போது, சுற்றளவில் ஏறக்குறைய 18 மி.மீ. பற்றாக்குறை விழுகிறது. அது ஒரே வெடிப்பாகவும் வரலாம், பத்து மெல்லிய கீறல்களாகவும் வரலாம்.

100 மி.மீ.க்குக் கீழே உள்ள சிறு தூண்களை முழுக்கட்டையில் செய்யலாம். அப்போதும் நடுக்குருத்தை அப்படியே விடக் கூடாது. நடுவில் 25 மி.மீ. துளையை முழு நீளத்துக்கும் இறக்குங்கள். அல்லது சுவரைப் பார்த்து நிற்கப்போகும் பக்கத்தில் ரம்பத்தால் நடுக்குருத்துவரை ஒரே நேரான கீறல் போடுங்கள். எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாமே மரத்துக்குக் காட்டிவிடுகிறோம். அதற்கு மேற்பட்ட எந்த அளவுக்கும் சரியான வழி ஒன்றுதான்: சட்டங்களை வட்டமாக நிறுத்தி ஒட்டி, உள்ளே வெறுமையாக விட்ட தூண். பீப்பாய் செய்யும் அதே முறை. ஒவ்வொரு சட்டமும் சிறியது, நன்றாகக் காய்ந்தது, தனக்கென்று கொஞ்சம் அசைந்துகொள்ளும். இழுபறி ஓரிடத்தில் திரளாது.

பாரம் யார் தாங்குகிறார்கள்?

இங்கே பேசுவது அலங்காரத் தூணை மட்டும். கூரையையோ உத்தரத்தையோ தாங்கும் கம்பம் ஏற்கெனவே இருந்தால் அதைத் தொடாமல் சுற்றி மூட வேண்டும். அதை எடுத்துவிட்டு மரத்தூணை நிறுத்தும் எண்ணம் இருந்தால் கட்டுமானப் பொறியாளரின் கணக்கு இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டாம். இதில் பலர் தெரியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. அலங்காரத் தூணைத் தரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே இறுக்கமாக, சுத்தியலால் தட்டி ஏற்றி நிறுத்துவார்கள். அன்று பார்க்க உறுதியாக இருக்கும். மேலே இருக்கும் உத்தரம் நாளடைவில் ஓரிரு மி.மீ. தொய்ந்தாலும் அந்தப் பாரம் தூணில் இறங்கி, ஒட்டிய மூட்டுகளைப் பிளந்துவிடும். மேல்பக்கம் 10 மி.மீ. இடைவெளி கட்டாயம், தூணின் தலையில் அமரும் போதிகை அதை மறைத்துவிடும். உள்ளே இருக்கும் கம்பத்தைச் சுற்றியும் 10 முதல் 15 மி.மீ. விடுங்கள்.

அளவும் கண்ணும்

தூணின் அழகு செதுக்கு வேலையில் இருப்பதாக நினைக்கிறோம். பெரும்பகுதி அது உயரத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தில்தான் இருக்கிறது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் விக்னோலா 1562-இல் வகுத்த கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: பழங்காலக் கிரேக்க, ரோமானியத் தூண் வகைகளில், அடி விட்டத்தைப்போல் உயரம் தஸ்கன் தூணுக்கு 7 மடங்கு, டோரிக்குக்கு 8, அயோனிக்குக்கு 9, கொரிந்தியனுக்கு 10. அந்த வகைகளை அப்படியே செய்யாவிட்டாலும் இந்த 7-லிருந்து 10 என்ற வரம்புக்குள் நின்றால் தூண் தூணாகத் தெரியும். 2,700 மி.மீ. உயரத்துக்கு 150 மி.மீ. விட்டத்தில் ஒன்றை நிறுத்தினால் அது 18 மடங்கு. எவ்வளவு செதுக்கினாலும் குழாய்க்கு மரம் சுற்றியது போலத்தான் இருக்கும்.

இனி வரும் எல்லாக் கணக்கும் 2,400 மி.மீ. உயரமுள்ள ஒரு தூணுக்கு. எட்டில் ஒரு பங்கு என்று வைத்தால் அடி விட்டம் 300. பீடம் விட்டத்தில் பாதி, 150. போதிகையும் 150. நடுத்தண்டு 2,100. தண்டின் உச்சி விட்டம் அடி விட்டத்தில் ஆறில் ஐந்து, அதாவது 250.

தண்டு அடியிலிருந்து உச்சிவரை நேர்கோட்டில் குறுகக் கூடாது. நேர்கோட்டில் குறுக்கினால் தூரத்திலிருந்து பார்க்கையில் நடுவில் ஒடுங்கியது போலக் கண்ணுக்குத் தோன்றும். கீழ் மூன்றில் ஒரு பங்கு ஒரே விட்டத்தில் நேராக எழுந்து, அதற்கு மேல் மெல்ல வளைந்து குறுக வேண்டும். அந்த மெல்லிய வயிறுதான் தூணுக்கு உயிர் தருவது. வரைவது எளிது. கீழ் 700 மி.மீ. முழுக்க ஆரம் 150. மீதி 1,400-ஐ ஆறு சம பங்காக, பங்குக்கு 233 மி.மீ. வீதம், பிரியுங்கள். ஒவ்வொரு பங்கின் மேல்கோட்டிலும் ஆரம் முறையே 149.3, 147.2, 143.6, 138.7, 132.5, 125. இந்தப் புள்ளிகளில் ஆணியடித்து, முடிச்சில்லாத மெல்லிய மரச்சட்டம் ஒன்றை வளைத்துப் பிடித்து 6 மி.மீ. பிளைவுட்டில் கோடு போட்டால் மாதிரிப்பலகை தயார். இதைப் பத்திரமாக வைத்திருங்கள். சட்டம் அறுப்பதிலிருந்து தண்டில் நெடுக ஓடும் குழிவரி போடுவதுவரை எல்லாவற்றுக்கும் இதுதான் ஆதாரம்.

மேலே உத்தரம் வருவதானால் இன்னொன்று. உத்தரத்தின் முகமும் தண்டின் கழுத்து முகமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். 250 கழுத்துக்கு உத்தர அகலமும் 250. போதிகை இரண்டுக்கும் வெளியே நீண்டு நிற்கும். போதிகையின் அகலத்துக்கு உத்தரத்தை அகலப்படுத்துவது வீடுகளில் மிக அதிகமாகப் பார்க்கிற பிழை. அப்படிச் செய்ததும் தூண் தலைக்குப் பொருந்தாத பாரத்தைச் சுமப்பது போலாகிவிடுகிறது. கடைசல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தப் பிழையை மறைக்க முடியாது.

மரம்

நேரான ரேகை, முடிச்சில்லாத பலகை, வெளிப்பக்க வெள்ளை மரம் நீக்கிய வைரம் (உள்ளே இருக்கும் உறுதியான மரம்). இந்த மூன்றில் வீட்டுக்குள் நிற்கும் தூணுக்கு முதலாவது மிக முக்கியம்; மழை வெயில் படும் இடத்தில் மூன்றாவது. வீட்டுக்குள் என்றால் ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஒரே தூணில் சேரும் சட்டங்களுக்குள் 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒன்று 9-லும் பக்கத்தில் இருப்பது 14-லும் இருந்தால், ஒட்டிய பிறகு ஈரமான சட்டம் சுருங்கி, வழுவழுவென்று இழைத்த தண்டில் ஒரு பட்டை மட்டும் உள்ளே போய்விடும். பெயிண்ட் அடித்த பிறகு பக்கவாட்டு வெளிச்சத்தில் அது நன்றாகத் தெரியும். பலகைகளை, தூண் நிற்கப்போகும் அறையிலேயே, இடையிடையே குறுக்குக் குச்சி வைத்துக் காற்றோட்டமாக இரண்டு வாரமாவது அடுக்கி வையுங்கள். ஈரமானி வைத்து ஒவ்வொரு பலகையையும் நடுவில் அளவிடுங்கள். முனைகள் எப்போதும் அதிகம் காய்ந்திருக்கும், அவற்றை நம்ப முடியாது.

பன்னிரண்டு சட்டங்கள்

எட்டுச் சட்டமும் போதும், பதினாறும் ஆகும். பன்னிரண்டு நல்ல நடுநிலை. எட்டில் முனைகள் அதிகம் துருத்துவதால் கடைசலில் மரம் வீணாகும். பதினாறில் மூட்டு கூடக்கூடக் கோணப் பிழையும் கூடும். பன்னிரண்டுக்கு ஒவ்வொரு விளிம்பின் சரிவும் 15 டிகிரி.

சட்டத்தின் அகலத்தைக் கணக்கிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. அடியில் 150 ஆரம், உச்சியில் 125 ஆரம் என்று பார்த்து, இரண்டையும் நேர்கோட்டில் இணைத்துச் சட்டத்தைக் குறுக்கினால் நடுவில் மரம் போதாது. வயிறு அந்த நேர்கோட்டுக்கு வெளியே இருக்கிறதே! ஆகவே சட்டத்தின் நேர்கோடு வளைவு முழுவதையும் வெளியே விட்டுப் போக வேண்டும். அடியில் 166, உச்சியில் 139 ஆரம் என்று எடுத்தால் எல்லா இடத்திலும் மரம் மிஞ்சுகிறது. மிக நெருக்கமான இடம் தண்டின் அடியிலிருந்து 1,170 மி.மீ. உயரத்தில்; அங்கே மிச்சம் 4 மி.மீ. கூட இல்லை. அடியில் 16-ம் உச்சியில் 14-ம் மிஞ்சும்.

ஆரத்தை இரட்டித்து 15 டிகிரியின் டேஞ்சன்ட்டான 0.268-ஆல் பெருக்கினால் சட்டத்தின் வெளியகலம் கிடைக்கும்: அடியில் 89 மி.மீ., உச்சியில் 74.5. விளிம்புக்கு 7.25 மி.மீ. வீதம் இருபக்கமும் குறுகுகிறது. தடிமன், இழைத்த பிறகு 40. இது அதிகம் போலத் தோன்றும். ஆனால் கடைந்து முடித்ததும் அடியில் சுவர் 24 மி.மீ. தான் மிஞ்சும், உச்சியில் 26. 25 மி.மீ. பலகையில் செய்தால் தண்டின் அடியில் 9 மி.மீ. தோல்தான் மிஞ்சும், குழிவரி போட்டால் ஓட்டை விழும். நீளத்தில் இரு முனையிலும் 25 மி.மீ. கூடுதலாக விடுங்கள், அதே சரிவு தொடரட்டும்.

சரிவை அறுக்க, சட்டம் சாய்ந்து படுக்கும்படி ஒரு தாங்குபலகை செய்து, மேசை ரம்பத்தின் தகட்டை 15 டிகிரிக்குச் சாயுங்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். பன்னிரண்டு சட்டத்துக்கு 24 விளிம்புகள். ஒவ்வொன்றிலும் கால் டிகிரி தவறினால் மொத்தம் 6 டிகிரி; ஒரு மூட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ரம்பத்தில் ஒட்டியிருக்கும் அளவுகோலை நம்பாமல், வீண் மரத்தில் 100 மி.மீ. நீளத்துக்குப் பன்னிரண்டு துண்டு அறுத்து, டேப் ஒட்டி வளையமாக மடித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இடைவெளி தெரிந்தால் கோணம் 15-க்குக் குறைவு. உள்பக்கம் தெரிந்தால் கூடுதல். எதுவும் தெரியாதவரை தகட்டைத் திருத்திக்கொண்டே இருங்கள்.

எவ்வளவு கவனமாக அறுத்தாலும் துளிப் பிழை மிஞ்சும். அதைக் கடைசி இரண்டு மூட்டுகளுக்குத் தள்ளிவிடுவது பழைய உத்தி. முதலில் இரண்டிரண்டாக ஒட்டுங்கள். பிறகு மும்மூன்று ஜோடியாகச் சேர்த்து இரண்டு அரைத்தூண்கள். இரண்டு அரையையும் எதிரெதிராக வைத்துச் சுற்றிக் கட்டும்போது நடுவில் பசையில்லாமல் மெல்லிய குச்சிகளை வையுங்கள். அரைத்தூண்களுக்குள் உள்ள மூட்டுகள் எல்லாம் இறுகிப் பிழை முழுவதும் அந்த இரண்டு திறந்த மூட்டுகளில் வந்து நிற்கும். காய்ந்த பின் அரைத்தூணைக் கவிழ்த்து, அதன் இரு விளிம்புகளையும் நீண்ட இழைப்புளியால் ஒரே தளத்துக்கு இழைத்தால் பிழை சீவலோடு போய்விடும். சமமான மேசையின் மேல் வைத்துப் பார்த்தால் எங்கே வெளிச்சம் ஊடுருவுகிறது என்று தெரியும். அங்கே மட்டும் இன்னொரு இழை.

பசை, வீட்டுக்குள் நல்ல பி.வி.ஏ. (வெள்ளை மரப்பசை) போதும். ஈரம் படும் இடத்துக்கு நீர் தாங்கும் வகை அல்லது எபாக்சி. பி.வி.ஏ. பரப்பிய பிறகு கையில் இருப்பது பத்து நிமிடம் தான். அதற்குள் பன்னிரண்டு மூட்டையும் ஒரே மூச்சில் பூட்ட நினைப்பது முதல் மூட்டில் பசை தோல் கட்டுவதில்தான் முடியும். தேக்கு எண்ணெய்ப்பசை உள்ள மரம். அறுத்து இழைத்த அன்றே ஒட்டுங்கள். ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் நனைத்த துணியால் விளிம்பைத் துடையுங்கள். பழைய பரப்பில் ஒட்டிய தேக்கு மூட்டு, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்த பிறகு கோடாகப் பிரியும். இறுக்குவதற்கு ராட்செட் பட்டை (பல்சக்கரத்தால் இறுக்கும் நாடா) 200 மி.மீ.க்கு ஒன்று. சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி இழுத்துச் சுற்றினாலும் நல்ல சீரான அழுத்தம் கிடைக்கும். ஒரு நாள் முழுக்கக் கட்டு அவிழ்க்க வேண்டாம்.

உள்ளே கம்பம் இருக்கும் இடத்துக்கு இரண்டு அரையையும் ஒட்டக் கூடாது. முனைகளில் கூடுதலாக விட்ட 25 மி.மீ. இருக்கிறதல்லவா, அந்த இடத்தில் மட்டும் திருகாணி போட்டுக் கடைந்து, பிறகு முனையை அறுத்துவிட்டால் இரண்டு பாதி கையில் இருக்கும். கம்பத்தைச் சுற்றி வைத்து அங்கேயே ஒட்டிக் கட்டலாம்.

உருட்டுவது

இரண்டு முனையிலும் 18 மி.மீ. பிளைவுட்டில் பன்னிரண்டு பக்க மூடி செய்து உள்ளே இறக்கித் திருகாணி போடுங்கள். மையம் அதில்தான் வரும். நீளமான கடைசல் எந்திரம் கிடைத்தால் நல்லது. ஆரம்பத்தில் நிமிடத்துக்கு 250 சுற்றுக்கு மேல் வேண்டாம். 330 மி.மீ. அகலமுள்ள, மூலைகள் துருத்திய கட்டை சுழல்கிறது என்பதை மறக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் நீளப் பெட்டி ஒன்று கட்டி, தூணை இரு மையத்துக்கு நடுவில் தொங்கவிட்டு, மேலே மாதிரிப்பலகையின் வளைவில் அறுத்த இரண்டு தண்டவாளத்தின் மேல் ரூட்டரை (சுழலும் வெட்டியால் மரத்தைக் குடையும் கைக்கருவி) ஓட்டலாம். தூணைக் கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே ரூட்டரை நகர்த்தினால் வயிறு தானாக வந்துவிடும்.

எந்திரம் எதுவுமே இல்லாமல் இழைப்புளியாலும் முடியும். அதுதான் மிக அமைதியான வழி, முடிவும் குறைந்ததல்ல. பன்னிரண்டு முகத்தின் மூலைகளைச் சமமாக இழைத்தால் 24 முகம். அடியில் ஒவ்வொன்றும் 39.5 மி.மீ. அகலம் வரவேண்டும். அதன் மூலைகளை எடுத்தால் 48 முகம், ஒவ்வொன்றும் 20 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 48 முகத்தில் மூலைக்கும் வட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.3 மி.மீ. தான். மிச்சத்தை உட்குழிவான கட்டையில் ஒட்டிய உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்: 80, 120, 180 என்ற வரிசையில். முகங்களின் அகலத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு இழைப்பதுதான் இதில் இரகசியம். கண்மட்டத்தில் இழைத்தால் தண்டு முட்டை வடிவத்துக்குப் போய்விடும்.

குழிவரிகள்

தண்டில் மேலிருந்து கீழாக ஓடும் குழிவரிகள் எல்லாத் தூணுக்கும் தேவையில்லை. போடுவதென்றால் சரியாகப் போட வேண்டும். அயோனிக் முறையில் 24 குழி, இரண்டு குழிக்கு நடுவில் தட்டையான ஒரு வரப்பு. தண்டின் சுற்றளவு அடியில் 942 மி.மீ., 24-ஆல் வகுத்தால் 39.3. உச்சியில் 785, வகுத்தால் 32.7. குழியும் வரப்பும் இந்த இடத்துக்குள் அடங்க வேண்டும்.

பலர் ஒரே ஆழத்தில் ரூட்டரை ஓட்டிவிடுவார்கள். குழியின் அகலம் மாறாது, தண்டு குறுகிக்கொண்டே போகும், ஆகவே முழுக் குறைவும் வரப்பின் தலையில் விழும். அடியில் தடித்த வரப்பு உச்சியில் நூலாகிவிடும், சில இடங்களில் சிலும்பி உடையும். குழியும் வரப்பும் சேர்ந்து குறுக வேண்டும். அதற்கு வட்டமூக்கு வெட்டியின் வடிவமே உதவுகிறது: ஆழம் குறைந்தால் அகலமும் குறையும். 32 மி.மீ. விட்டமுள்ள வட்டமூக்கை அடியில் 10.4 மி.மீ. இறக்கினால் குழி 30 மி.மீ. அகலம், வரப்பு 9.3. உச்சியில் 6 மி.மீ. இறக்கினால் குழி 25, வரப்பு 7.7. நடுவில் ஆரம் 143.6 இருக்கும் இடத்தில் ஆழம் 8.9. இந்த மூன்று ஆழத்தையும் மாதிரிப்பலகையின் வளைவிலிருந்து கழித்து ரூட்டருக்கான தண்டவாளத்தை அறுத்தால் போதும். ஒரே வீச்சில் 10 மி.மீ. எடுக்க வேண்டாம், மூன்று நான்கு வீச்சாக இறங்குங்கள்.

குழி எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். சட்டங்களின் மூட்டு 30 டிகிரிக்கு ஒன்று, குழி 15 டிகிரிக்கு ஒன்று. முதல் குழியின் நடுவை மூட்டிலிருந்து 7.5 டிகிரி தள்ளி வைத்தால் ஒவ்வொரு சட்டத்திலும் சரியாக இரண்டு குழி அமரும், எல்லா மூட்டும் வரப்பின் நடுவில் வரும். அடியில் மூட்டின் பசைப்பரப்பு ஏறக்குறைய 20 மி.மீ. ஆழம். குழியின் நடுவில் மூட்டு மாட்டிக்கொண்டால் அதில் பாதி போய்விடும். ஏழரை டிகிரிக் கவனம் தூணின் ஆயுளையே மாற்றுகிறது. வரப்பின் நடுவில் விழும் மூட்டுக்கோடு கண்ணிலும் படாது.

குழியின் இரு முனையும் தண்டின் விளிம்புக்குக் கொஞ்சம் முன்பே அரைவட்டமாக முடிய வேண்டும். முனையில் ரூட்டரை நிறுத்தி யோசித்தால் மரம் கருகும். நகரும்போதே தூக்குங்கள்.

பீடமும் போதிகையும்

பீடத்தின் அடிப்பலகை சதுரம். அகலம் அடி விட்டத்தைப்போல் சுமார் 1.4 மடங்கு, நம் தூணுக்கு 415 மி.மீ. உயரம் 75. அதன்மேல் 75 மி.மீ. உயரத்துக்கு உருண்ட வளையம். வளையத்தை ஒரே பலகையில் வட்டமாக வெட்டினால் இரண்டு பக்கம் நீள்ரேகை, இரண்டு பக்கம் வெட்டுமுனை. பருவத்துக்குப் பருவம் அது முட்டை வடிவாகும். வெட்டுமுனையில் பெயிண்டும் நிற்காது. எட்டுத் துண்டாக, முனைகளை 22.5 டிகிரியில் வெட்டி வளையமாக ஒட்டுங்கள். 410 மி.மீ. வெளியளவுக்குத் துண்டின் வெளிவிளிம்பு நீளம் 170, பலகையின் அகலம் 90, தடிமன் 25. இப்படி மூன்று அடுக்கு, மொத்தம் 24 துண்டு. செங்கல் கட்டுவது போல ஓர் அடுக்கின் மூட்டு மறு அடுக்கின் துண்டு நடுவில் விழ வேண்டும். நடுவில் கிடைக்கும் 230 மி.மீ. துளை வழியே காற்று போகும். தண்டின் சுவர் வளையத்தின் மேல் அமரும்.

கம்பத்தைச் சுற்றி இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டிய வளையத்துக்கு அடுக்கு மாற்றிக் கட்ட முடியாது. எதிரெதிரான இரண்டு மூட்டு மூன்று அடுக்கிலும் ஒரே நேரில் வரட்டும். அந்த இரண்டில் மட்டும் பசைக்கு நடுவே பழுப்புக் காகிதம் வைத்து ஒட்டுங்கள். கடையும்வரை பிடித்திருக்கும். முடிந்ததும் மூட்டில் அகல உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் காகிதம் இரண்டாகப் பிரிந்து வளையம் சுத்தமாகத் திறக்கும்.

போதிகையும் இதே வேலைதான். செதுக்கு வேலைப்பாடு வேண்டுமென்றால் அதைத் தனியாகச் செய்து மேலே பொருத்துங்கள், தண்டோடு சேர்த்துச் செதுக்க வேண்டாம்.

சதுரத் தூண்

இவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்களுக்குச் சதுரப் பெட்டித் தூண் இருக்கிறது. நான்கு பலகை, நான்கு மூலை. மூலையை 45-இல் வெட்டாமல் 45.5-இல் வெட்டினால் வெளிமுனை முதலில் சேர்ந்து இறுகும், மயிரிழை இடைவெளி உள்ளே மறைந்துவிடும். நான்கு பலகையையும் வெளிமுகம் மேலே இருக்கும்படி வரிசையாக வைத்து மூட்டின் மேல் டேப் ஒட்டி, கவிழ்த்து, பசை தடவி மடித்தால் பெட்டி. உள்மூலையில் 300 மி.மீ.க்கு ஒன்றாக முக்கோணக் கட்டை ஒட்டுங்கள். பெயிண்ட் அடிப்பதானால் 18 மி.மீ. பிளைவுட் அகலப் பலகையைவிட நல்லது. 250 மி.மீ. அகலத் தேக்குப் பலகை, ஈரம் 4 சதவீதம் மாறினால் ஏறக்குறைய 2 மி.மீ. அசையும். மூலை மூட்டு அதைத் தாங்காது.

நிறுத்துவது

ஒவ்வொரு தூணுக்கும் அதன் இடத்திலேயே உயரம் அளவிடுங்கள். ஒரே அறையில் இரண்டு மூலைக்கு 10 மி.மீ. வித்தியாசம் சாதாரணம். குறுகும் தண்டின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. மேல்பகுதியின் முகம் நேராகவே இருக்காது. மேல்மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் குறித்த மையத்தில் அது விழுகிறதா என்று பாருங்கள். உள்ளே கம்பம் இருந்து அது முடியாவிட்டால் எதிரெதிர்ப் பக்கங்களில் நூல் தொங்கவிட்டு, கழுத்திலும் அடியிலும் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள தூரத்தை ஒப்பிடுங்கள்.

நிறுத்துவதற்கு முன்பே உள்பக்கம், முனைகள், பீடத்தின் அடி எல்லாவற்றுக்கும் பிரைமர் அடித்திருக்க வேண்டும். வெளியே மூன்று பூச்சும் உள்ளே வெறும் மரமுமாக நிற்கும் தூண் ஒரு பக்கமாக மட்டும் ஈரம் குடிக்கும், பெயிண்ட் கொப்புளிக்கும். வெயில் மழை படும் இடத்தில் உள்ளே காற்று ஓட வேண்டும்: பீடத்தை அழுகாத சிறு தட்டைகளின் மேல் 6 முதல் 10 மி.மீ. உயர்த்தி வையுங்கள், மேலே உள்ள மூடியில் துளை விடுங்கள், போதிகையின் தலைக்குத் தகடு போட்டு மூடுங்கள். தரையோடு ஒட்டி சிலிக்கோனால் சுற்றிலும் அடைத்துவிட்ட தூண்கள்தான் அடியில் முதலில் அழுகுகின்றன. தண்ணீர் எப்படியும் உள்ளே வந்துவிடும். வெளியேற வழி இல்லாததுதான் சிக்கல். வெளித்தூணுக்கு இளநிறப் பெயிண்ட் நல்லது, கருநிறம் வெயிலில் சூடேறி மூட்டுகளைச் சோதிக்கும்.

தண்டைப் பீடத்தோடு பசை போட்டு ஒட்ட வேண்டாம். உள்ளிருந்து நான்கு கோண இரும்பும் திருகாணியும் போதும். திருகாணித் துளையை நீள்துளையாக விட்டால் இரண்டும் தனித்தனியாக அசைந்துகொள்ளும்.

முதல் ஓராண்டில் கோடையின் உச்சத்தில் ஒருமுறை டார்ச்சைத் தண்டோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நகம் நுழையாத மயிரிழைக் கோடுகளைத் தொட வேண்டாம், மழைக்காலத்தில் அவை மூடிக்கொள்ளும். கோடையிலேயே பட்டி வைத்து அடைத்தால், மரம் விரியும்போது அந்தப் பட்டியே மேடாகப் பிதுங்கும். மூட்டு நெடுக ஒரே கோடாகப் பிளந்து நகம் இறங்கினால் அது பசை விட்ட மூட்டு. மெல்லிய எபாக்சியை ஊசிக்குழாயால் உள்ளே செலுத்தி, ராட்செட் பட்டையால் லேசாக இறுக்கி ஒரு நாள் விடுங்கள். பிறகு அந்த இடத்துக்கு மட்டும் மறுபூச்சு.